சோபியா சாலையில் கொதித்த திருவனந்தபுரத்துக் குழம்பு

ஆசியாவின் பல தேசத்துச் சமையல்களை ஒரே மேசையில் இணைத்துப் பரிமாறும் உணவகங்கள் இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் மும்பையிலும் சென்னையிலும் பெருகியிருக்கின்றன. ஆனால் அத்தகைய உணவகங்களுக்கென்று தனிப்பெயர் ஏதும் வழங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, 1949-ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் சோபியா சாலையில், திருவனந்தபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட எம். ஜே. கோமஸ் என்பவர், தாம் நடத்திவந்த சிறிய கறிச்சோற்றுக் கடையில், பெரிய கடல்மீன் ஒன்றின் தலையை முழுதாகவே புளிக்குழம்பில் கொதிக்கவைத்து, அதையே பிரதானப் பண்டமாக மேசையில் கொண்டுபோய் வைத்தார். அந்தத் தலையைச் சுற்றிச் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மலையாளிகளும் கூடி அமர்ந்ததன் விளைவாக, இந்தியாவில் பிறந்த கைப்பக்குவமும் சீனரிடம் வேரூன்றிய ருசியும் ஒன்றுகலந்த மீன்தலைக் கறி என்னும் புதிய போஜனம் உருவாயிற்று. இன்று சிங்கப்பூரின் அடையாளப் பண்டங்களை எண்ணுகிற எவரும் அதை விட்டுவிட்டு எண்ணுவதில்லை.

அந்தப் பண்டத்தின் சரித்திரத்தைத் திருவனந்தபுரம் ஜில்லாவின் கிழக்குக் கோடியில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் இருக்கும் போனக்காட்டிலிருந்து எழுதுவதற்கு நியாயம் உண்டு.

மலையும் கடலும்

நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் ஏறிவந்தால் போனக்காடு. வெள்ளைக்காரத் துரைமார் காட்டைத் திருத்தித் தேயிலை போட்ட காலத்தில், கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தமிழ்ச் சீமையிலிருந்து ஜனங்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலையாளமுமாகப் பேசி வாழ்கிறார்கள். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்துக்கு யாத்திரை போகிறவர்கள் புறப்படும் இடமும் இதுவே. இந்த மலைத்தொகுதியின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலிச் சீமைக்குப் பாய்கிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறையையும் அருவிக்கரையையும் கடந்து, திருவனந்தபுரம் நகரத்தின் தாகத்தைத் தணித்து, கோவளத்துக்கு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. அருவிக்கரையிலிருந்து நகரத்துக்குக் குழாய்நீர் வழங்கும் ஏற்பாடு 1933-இல் ஏற்பட்டது முதல், அந்நகரத்து அடுப்புகளில் கொதிக்கும் குழம்பில் இந்த மலையின் தண்ணீர் இருக்கிறது.

மலையிலிருந்து தண்ணீர் கடலுக்கு இறங்குவதுபோல, கடலிலிருந்து மீன் மலைக்கு ஏறுவதும் இந்த ஜில்லாவின் பழைய வழக்கம். சாளையும் அயிலையும் நெத்திலியும், அவை கிட்டாத மழைக்காலத்தில் கருவாடும், எஸ்டேட் லயங்களுக்கு வந்துசேரும். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள், தங்கள் தாயார் வைத்த மல்லித்தூள் தூக்கலான புளிக்குழம்போடு, இந்நாட்டாருக்கே உரிய தேங்காய் அரைத்த மீன்கறியையும் வைக்கக் கற்றுக்கொண்டன. சோற்றுக்குப் பதில் வேகவைத்த மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், அந்தக் கறியை ஊற்றி உண்ணும் பழக்கமும் அவ்வாறே வந்தது. கலப்பு உணவு என்பது பெருநகரத்துச் செல்வர்களுக்காகப் பிறந்த விநோதம் என்று கருதுவோருக்கு, பிழைப்பைத் தேடிப் போன எளிய ஜனங்களின் அடுப்பங்கரையே அதன் ஆதிப் பிறப்பிடம் என்பதைப் போனக்காட்டின் லயங்கள் காட்டும்.

இங்கே மலையேறியவர்களைப் போன்றவர்களே அங்கே கப்பலேறினார்கள். கங்காணி ஆள்சேர்த்து அழைத்துப்போன தமிழர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இதே அமைப்புள்ள லயங்களில் குடியேறினார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் அத்தகைய கூலிப் பிரயாணத்துக்குத் தடை விதிக்கும் வரையில் அந்த ஓட்டம் நிற்கவில்லை. திருவாங்கூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்ற மலையாளிகளோ பெரும்பாலும் குமாஸ்தாக்களாகவும், தொழில்நுட்பம் அறிந்தவர்களாகவும், சமையல்காரர்களாகவும் நகரங்களை நாடினார்கள். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அமைந்தபின் அங்கே மலையாளக் குடியிருப்பே ஒன்று உருவாகியது. கோமஸ் போன்றவர்கள் சிங்கப்பூரில் கடை வைப்பதற்கு முன்பே அவர்களுடைய குழம்பை அறிந்த நாக்குகள் அங்கே காத்திருந்தன.

கடல்கடந்து சென்ற சமையல்

கோமஸ் சுமந்துசென்ற சமையல் எத்தகையது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். திருவனந்தபுரத்து மீன்கறியில் இன்று நாம் சுதேசியம் என்று போற்றும் சாமக்கிரியைகளில் பல, காலாந்தரத்தில் வெளியிலிருந்து வந்து குடியேறியவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேசியர் மூலம் வந்தது. அதற்கு முன் இம்மலைகளின் மிளகுதான் காரத்துக்கு ஆதாரம். தக்காளிக்கும் அதே கண்டமே பிறப்பிடம். புளியமரத்தின் பூர்விகம் ஆப்பிரிக்கா என்பது தாவர சாஸ்திரிகளின் முடிவு. மரச்சீனிக் கிழங்கு பிரேசில் தேசத்தது. அதைத் திருவாங்கூரின் ஏழைக் குடிகளுக்கு உணவாகப் பரவச்செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. கோமஸ் என்னும் குடும்பப் பெயரே போர்த்துக்கல்லிலிருந்து வந்து இக்கடற்கரைக் கிறிஸ்தவர்களிடையே நிலைபெற்ற பெயர்களுள் ஒன்று.

சீனத் தொடர்பும் இக்கரைக்குப் புதிதன்று. கொல்லத்துத் துறைமுகத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் சீனக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துபோயின. இந்நாட்டு அடுப்பங்கரையில் வறுக்கவும் பொரிக்கவும் எடுக்கிற குழிந்த இரும்புப் பாத்திரம் சீனச்சட்டி. மாங்காய் உப்பிலிட்டு வைக்கும் பளபளத்த சாடி சீனப்பரணி. ஒரு திருவனந்தபுரத்துச் சமையல்காரரும் ஒரு சீன வாடிக்கையாளரும் சிங்கப்பூரில் எதிர்ப்பட்டபோது, அவர்களுடைய முன்னோர்கள் ஏற்கெனவே பாத்திரங்களைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்க நினைக்க நெஞ்சில் ஒரு வியப்பு எழுகிறது.

பஞ்சத்துக்குப் பின் வந்த பந்தி

1949 என்னும் வருஷத்தின் விசேஷம் என்ன என்பதையும் அறியவேண்டும். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் அந்நகரம் பட்ட கஷ்டங்களில் பசியின் கஷ்டமும் பெரிது. அரிசி அருகிப்போய், வீட்டுக் கொல்லைகளிலும் மைதானங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு ஜனங்கள் உயிர்தாங்கினார்கள். அதே காலத்தில், பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவாங்கூர், ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததால் அந்த வரவு அற்றுப்போக, தானும் அதே கிழங்கை நம்பிக் காலந்தள்ளிற்று. ஆயிரம் மைல்களுக்கு மேல் விலகியிருந்த இரண்டு நாடுகள் ஒரே யுத்தத்தால், ஒரே பசியால், ஒரே கிழங்கைத் தின்று பிழைத்தன.

யுத்தம் 1945-இல் ஓய்ந்தபின்னும் பங்கீடு உடனே ஒழியவில்லை. நகரம் மெல்ல மெல்லவே நிமிர்ந்தது. வயிறார உண்பதே ஒரு மகிழ்ச்சியாகத் திரும்பிவந்த அந்த நாட்களில், ஜனத்தொகையில் முக்கால் பங்குக்கு மேல் சீனராக இருந்த நகரத்தில், இந்திய உணவகம் ஒன்று தன் சொந்த ஜனங்களை மட்டும் நம்பியும் பிழைக்கலாம். தன் வாசலைக் கடந்துபோகும் அந்நியரையும் உள்ளே வருமாறு அழைக்கலாம். கோமஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அவர் அழைத்த முறையில்தான் அவருடைய மேதை விளங்குகிறது.

தலைக்குக் கிடைத்த மரியாதை

சீனருடைய பந்தியில் மீன் முழுதாக வருவது சம்பிரதாயம். தலை யாரை நோக்கி வைக்கப்படுகிறதோ அவரே அன்றைய பந்தியின் முதல் மரியாதைக்குரியவர். தலையிலுள்ள கன்னத்துச் சதையும், கண்ணைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பாகமும், செவுளுக்குப் பின்னால் கழுத்தை ஒட்டிய கெட்டிச் சதையும் அவர்களுக்கு அருமையான கவளங்கள். நம் நாட்டில் வங்காளிகள் மீன்தலையைச் சோற்றோடும் பருப்போடும் சமைத்துக் கொண்டாடுகிறார்கள். கேரளத்துக் கடற்கரைக் குடிசைகளிலும் தலையை வீணாக்கும் வழக்கம் இல்லை. குழம்பில் சேர்த்துக் கொதிக்கவைத்து, வீட்டுக்குள் உறிஞ்சி உண்பார்கள். எனினும், உணவுக்கடையில் விருந்தாளிக்கு நல்ல நடுத்துண்டத்தை எடுத்துப் பரிமாறுவதே நம்மிடம் உபசாரமாகக் கருதப்பட்டது. தலையைத் தனியே எடுத்து வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். கோமஸோ தம் வாடிக்கையாளர் எதை உயர்வாகக் கருதினாரோ அதையே உயர்வாகக் கருதி, அதற்குத் தம் ஊரின் சிறந்த குழம்பை ஆடையாகப் போர்த்தினார்.

அந்தப் பாகத்தைச் சற்று அருகிருந்து பார்ப்போம். மலாய்க்காரர் ஈக்கான் மேரா என்று அழைக்கிற சிவப்பு மீனின் தலை, பெரிய அளவிலானது, செவுள் நீக்கிக் கழுவி உப்பும் மஞ்சளும் தடவி வைக்கப்படுகிறது. அகன்ற பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. மிளகாயும் மல்லியும் சேர்ந்த மசாலா எண்ணெய் பிரியும்வரை வதங்கியபின் புளிக்கரைசல் ஊற்றப்பட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்கிறது. வெண்டைக்காயும் கத்திரிக்காயும் தக்காளியும் சேர்ந்து பாதி வெந்த சமயத்தில் தலை மெதுவாக உள்ளே இறக்கப்படுகிறது. அதன்பின் கரண்டியால் கிண்டக்கூடாது. திருவனந்தபுரத்துப் பெண்கள் மண்சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவார்களே, அந்தச் சுழற்றுதான் வேண்டும். இல்லாவிட்டால் கன்னத்துச் சதை பிரிந்து குழம்பில் கரைந்துவிடும். தேங்காய்ப்பால் சேர்ப்பவர்கள் கடைசியில் சேர்த்து, கொதி வருவதற்கு முன் இறக்கிவிடுகிறார்கள்.

மேசைக்கு வந்த தலையை நான்கைந்து பேர் கூடி உண்ணவேண்டும். தனியாளுக்கு அது ஏற்ற பண்டம் அன்று. முதலில் செவுள்மூடியைத் தூக்கினால் கன்னத்துச் சதை ஒரு வெள்ளைத் தகடாகப் பிரிந்துவரும்; அதை மேசையில் மூத்தவருக்கு வைப்பார்கள். பிறகு கழுத்துச் சதை. பழகியவர்கள் கண்ணைப் போட்டியிட்டுக் கேட்பார்கள். எலும்புகளின் இடுக்குகளில் ஏறிநிற்கும் புளியும் காரமும், தலையின் கொழுப்பு உருகிக் குழம்புக்குக் கொடுத்த கனமும் நடுத்துண்டத்தில் கிடைக்காதவை. புளிக்குழம்பின் கூர்மைக்கு எதிரே மென்மையும் கொழுப்பும் நிறைந்த ஒரு பொருள் வேண்டும் என்னும் சமையல் நியாயத்தை அந்தச் சேர்க்கை பூரணமாக நிறைவேற்றிற்று. இவ்வாறு நாக்கு ஒப்புக்கொண்ட காரணத்தாலேயே அது நிலைத்தது. புதுமை மட்டும் இருந்திருந்தால் ஒரு பருவத்தோடு மறைந்திருக்கும்.

ஒரு கடையிலிருந்து ஒரு நகரத்துக்கு

கோமஸின் கடை தொடங்கிவைத்ததைப் பிறர் தத்தம் வழியில் வளர்த்தார்கள். சீனச் சமையல்காரர்கள் சில வருஷங்களுக்குள்ளேயே அதைக் கைக்கொண்டு, தலையை முதலில் ஆவியில் வேகவைத்துப் பிறகு குழம்பை ஊற்றும் முறையை ஏற்படுத்தினார்கள். அவர்களுடைய குழம்பு இனிப்பும் தேங்காய்ப்பாலும் சற்று அதிகமாகவும் காரம் சற்றுக் குறைவாகவும் இருக்கும். மண்பானையில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவது அவர்களுடைய வழக்கம். சீனமும் மலாயும் கலந்த பண்பாட்டினரான பாபா-நோன்யா குடும்பத்தார் எலுமிச்சம்புல், இறால் கட்டி முதலிய தங்கள் வாசனைகளைச் சேர்த்தார்கள். ஒரே தலை, மூன்று குழம்புகள். ஒன்றை மற்றொன்று போலி என்று ஒதுக்காமல் மூன்றுமே அந்நகரத்தில் வாழ்கின்றன.

தமிழர் கையில் அது அடைந்த புகழ் தனிச் சிறப்புடையது. 1969-இல் கிள்ளான் சாலையில் அய்யாக்கண்ணு என்பவர் ஒரு சாதாரணக் காப்பிக்கடையாகத் தொடங்கிய முத்தூஸ் கறி, பிறகு ரேஸ் கோர்ஸ் சாலைக்கு இடம்பெயர்ந்து, மீன்தலைக் கறிக்கென்றே மக்கள் தேடிவரும் தலமாயிற்று. 1974-இல் அதே சாலையில் பனானா லீஃப் அப்போலோ தோன்றியது. வாழையிலையில் சோறு, அப்பளம், இரண்டு காய்கறி, நடுவே ஒரு பெரிய பாத்திரத்தில் தலை, பக்கத்தில் எலுமிச்சை ரசம். இந்த ஏற்பாட்டைத் தமிழர்கள் தங்கள் பந்தி முறையிலேயே வைத்துக்கொண்டார்கள். சீனக் குடும்பங்களும் வெளிதேசத்துப் பிரயாணிகளும் அதே இலையில் கையால் பிசைந்து உண்ணக் கற்றுக்கொண்டார்கள். சிறிது தூரத்திலுள்ள தேக்கா சந்தையில் மீன் விற்கும் சீனரும், மசாலாத்தூள் விற்கும் தமிழரும், தேங்காய்ப்பால் பிழிந்து விற்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் காணலாம். அந்தக் குழம்புக்கு வேண்டிய எல்லாம் அங்கே நூறு அடிக்குள் கிடைத்துவிடும்.

இத்தகைய சமரசத்துக்குச் சிங்கப்பூரில் முன்னோடிகள் உண்டு. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-இல் கேரளத்தவரான அப்துல் காதர் தொடங்கிய ஜம்ஜம் உணவகத்தின் முர்தபா இன்றும் தட்டிப் பரப்பி மடித்துச் சுடப்படுகிறது. சீனருடைய மஞ்சள் நூடுல்ஸைத் தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சிவக்க வதக்கித் தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்கிய மீ கோரெங், இந்தியாவில் எங்கும் இல்லாத இந்தியப் பண்டம். மலாக்காவில் பல தலைமுறைகளாக மலாய் மொழி பேசிக்கொண்டே சைவக் கோயில்களில் வழிபடும் மலாக்கா செட்டிகளின் அடுப்பங்கரையோ இவை எல்லாவற்றிலும் முதியது. சிங்கப்பூரின் தெருவோர உணவுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மானிடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கௌரவிக்கப்பட்டவர்களில் இந்தப் பெயரறியாச் சமையல்காரர்கள் அனைவரும் அடங்குவர்.

நம் தேசத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்தவரான நெல்சன் வாங், 1975-இல் பம்பாயிலுள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், இஞ்சியும் பூண்டும் பச்சை மிளகாயும் வதக்கி, அவற்றோடு கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸைச் சேர்த்துக் கோழியில் மஞ்சூரியனை உண்டாக்கினார் என்பது பிரசித்தம். கோமஸ் தம் குழம்பைச் சீனருடைய ருசியை நோக்கி நடத்திச்சென்றார். வாங் சீனருடைய சாஸை நம்முடைய ருசியை நோக்கி நடத்திவந்தார். திசைகள் எதிரானவை, தர்மம் ஒன்றே.

விருந்தோம்பலின் சாஸ்திரம்

அந்தத் தர்மத்தைத்தான் இந்தச் சரித்திரம் நமக்குக் கற்பிப்பதாக நான் நம்புகிறேன். இன்றைய கலப்பு உணவகங்கள் பலவற்றில் இரண்டு தேசத்துச் சுவைகள் ஒரு தட்டில் வந்தமர்கின்றன. ஆனால் அவற்றைச் சமைப்பவருக்கு இரண்டில் ஒன்றேனும் தாய்வீட்டுச் சமையலாக இருப்பது அரிது, உண்பவர் யார் என்ற நினைவும் அங்கே மங்கலாகவே இருக்கிறது. சோபியா சாலையில் நிலைமை வேறு. சமைத்தவர் தம் ஊர்க் குழம்பை ஐயமற அறிந்தவர். எதைக் குறைத்தால் அது அழியும், எதைக் கூட்டினாலும் அது அழியாது என்பது அவருடைய கைக்குத் தெரியும். அதே சமயம், எதிரே வந்து அமர்ந்த அந்நியரின் விருப்பத்தை அவர் தாழ்வாக எண்ணவில்லை. தன்னுடையதில் உறுதியும் பிறனுடையதில் மரியாதையும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் புதிய பண்டம் பிறந்து ஒரு சமூகத்தின் சொத்தாகிறது. இரண்டில் ஒன்று குறைந்தால் கிடைப்பது வெறும் கலவையே.

போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்கள் ஓய்ந்துபோய்ப் பல வருஷங்களாகின்றன. லயங்களில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் நகரத்துக்கும், அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களில் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்வோர் உண்டு. தாயார் வைத்த புளிக்குழம்பும் மலையாள நாட்டின் தேங்காய் அரைப்பும் கையில் கலந்த அந்த இளைஞர்கள், நாளை எந்த நகரத்தில் எந்த ஜனங்களுக்காக என்ன பண்டத்தைப் படைப்பார்களோ, யார் அறிவார்! ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் சமையற்கலையும் விடுதி நிர்வாகமும் பயிற்றும் கல்விச்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஐரோப்பியச் சமையல் மேதைகளின் பெயர்களைப் படிக்கும் மாணவர்கள் கோமஸின் பெயரையும் அவருடைய குழம்பின் முறையையும் பாடமாகக் கற்கவேண்டும். இந்த எஸ்டேட் லயங்களிலும் பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரைக் குடிசைகளிலும் வயதான தாய்மார்கள் அறிந்திருக்கும் பாகங்களை, அவர்கள் இருக்கும்போதே, அளவும் பதமும் பிசகாமல் எழுதிவைக்கவேண்டும்.

அரசர்கள் கட்டிய கோயில்களுக்கும் துரைமார் வைத்த தோட்டங்களுக்கும் சாசனமும் ஆவணமும் உண்டு. பிழைக்கப் போன இடத்தில் அந்நியரை நண்பராக்கிய சமையல்காரர்களுக்கோ, சிங்கப்பூர் தன் மேசையில் அன்றாடம் எடுத்துவைக்கும் அந்தப் பாத்திரத்தைத் தவிர வேறு சாசனம் இல்லை. அயலூர் நன்றியோடு காத்துவருகிற ஒரு பெயரைச் சொந்த ஊரும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே முறை.